எந்தத் தோட்டம், எந்த லயம், யாரு மக

உட்காருங்கள். கடைசி வரிசையில் போனை மேசைக்குக் கீழே வைத்துப் பார்க்கிற தம்பி, நீங்களும்தான். நான் கோபக்காரி என்று பதுளையில் எல்லா நூலகத்திலும் சொல்லி வைத்திருப்பார்கள். பொய்யில்லை. கோபப்படாமல் ஒரு பொது நூலகத்தைக் காப்பாற்ற முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் பயிற்சி வகுப்பில் காலையிலிருந்து உங்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் பாவிக்கிற கணினியில் எதைத் தடை செய்வது, எதை அனுமதிப்பது, எந்த வயதுக்கு என்ன. எல்லாம் வேண்டியதுதான். நான் சொல்லப்போவது அந்தத் தடைகள் எல்லாம் சரியாக இருந்த ஒரு நூலகத்தில் நடந்தது. கெட்ட படம் ஒன்றும் வரவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் வரவில்லை. நம் ஆட்கள் பேசுகிற மிக நல்ல வார்த்தைகளோடுதான் ஆபத்து வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, கொரோனாவெல்லாம் முடிந்த காலம். நமுனுகுலப் பக்கம் என் நூலகம். கதவைத் திறந்தால் பஸ் நிற்கும் இடம், பின் ஜன்னலைத் திறந்தால் தேயிலை. பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் வரும்வரை எங்களிடம்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பதினாலு வயது. பெயர் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அது இல்லை. எந்தத் தோட்டம் என்றும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கவிதாவின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அப்பா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவர்கள் குடியிருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சிக்னல் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவுக்கு லீவு கிடைக்கிற நேரத்தில், எங்கள் கணினியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். அந்த நேரத்தில் அந்த மூலைப் பக்கம் நான் யாரையும் விட மாட்டேன். அம்மாவும் மகளும் பேசுவதைவிடச் சிரிப்பதுதான் கூட. ஒரு நாள் அந்த அம்மா திரையில் தோசை சுட்டுக் காட்டினார். இந்தப் பிள்ளை வாயைத் திறந்து 'ஆ' காட்டியது. எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தும் எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் கவுண்டருக்கு வந்தாள். புத்தகம் இல்லை கையில். மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், சனிக்கிழமை எங்கப்பா மலையில இருந்து போன் பண்ணி கேட்டா, நான் இங்கதான் படிச்சிக்கிட்டு இருந்தேன்னு சொல்லுவீங்களா?"

தம்பி, தங்கச்சிமாரே, இதைக் கேட்டதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? 'ஏய், எங்க போகப் போற?' என்று கத்துவீர்கள். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. கத்தியிருந்தால் அவள் 'ஒண்ணுமில்ல மிஸ்' என்று போயிருப்பாள், சனிக்கிழமையும் போயிருப்பாள். பொய் சொல்லத் துணை கேட்கிற பிள்ளை, உண்மையில் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் வருகிறது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பிளேன்டீ ஊத்தப் போறேன். நீயும் வா," என்றேன்.

புத்தகத்துக்கு அட்டை ஒட்டுகிற பின்னறையில் உட்கார வைத்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். பாதி டீ போனதும் அவளே ஆரம்பித்தாள்.

"சொந்தக்காரங்களப் பார்க்கத்தான் மிஸ் போறேன். பண்டாரவளைக்கு. செல்லையா மாமா மகன். போன் கடை வச்சிருக்காராம். எனக்கு ஒரு போன் தர்றேன்னாரு. அது நம்ம லயத்துலயும் வேலை செய்யுமாம். அம்மாகிட்ட தினமும் பேசலாம்."

"நல்லதுதானே? அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாவுக்கும் அவங்களுக்கும் பழைய சண்டையாம் மிஸ். போனோட போய் நின்னா அப்பா சந்தோஷப்படுவாரு, அதுக்கு முன்னாடி சொன்னா விட மாட்டாருன்னு சொன்னாரு."

"செல்லையா மாமா மகன நீ பார்த்திருக்கியா?"

"இல்ல மிஸ். அவரு சின்னதுலயே கொழும்புக்குப் போயிட்டாரு. ஆனா என் போட்டோ ஒண்ணு அனுப்பிட்டேன், பஸ் ஸ்டாண்டுல அடையாளம் தெரியணும்னு கேட்டாரு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் நம் தொழிலில் கஷ்டமான வேலை.

"அவரு எழுதினத எனக்குக் காட்டுவியா?" என்றேன். காட்டினாள். அம்மாவோடு பேசுவதற்கென்று நாங்கள் திறந்து கொடுத்த அதே கணக்கில்தான் எல்லாம் இருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாப் படத்தை யாரோ போட்டிருக்க, இவள் கீழே 'எங்க கோயில்' என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் அவன் வந்திருக்கிறான்.

என் உதவியாளர் சுகந்தி அப்போது உள்ளே வந்தாள். நல்ல பிள்ளை, பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவள். திரையில் இரண்டு வரி படித்தாள். "ஐயோ, நாசமாப் போறவன்! மிஸ், எல்லாத்தையும் அழிச்சு அவன பிளாக் பண்ணிருவோம். யாருக்கும் தெரிய வேணாம், பிள்ளை பேரு கெட்டுரும்," என்று மவுஸைப் பிடித்தாள்.

"கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசிப்பறையில் பேப்பர் படித்த பெரியவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள். அழித்தால் போவது நம் பிள்ளையின் வெட்கம் இல்லை, அவனுடைய குற்றம். அவன் வேறொரு பெயரில் வேறொரு பிள்ளையிடம் போவான். நம்மிடம் கையில் ஒன்றும் இருக்காது. பாசத்தில் செய்கிற அவசரம்தான் இந்த மாதிரி நேரத்தில் பெரிய சேதம்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒன்றைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. 'அவன் கள்ளன், உன்னை ஏமாற்றியிருக்கிறான்' என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அவன் பக்கம் பேசியிருப்பாள். போன் தருகிற அண்ணனா, திட்டுகிற மிஸ்ஸா என்று கேட்டால் எந்தப் பிள்ளை என் பக்கம் நிற்கும்? நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"முதல்ல இருந்து வாசி. சத்தமா. இதுல ஊரு பேரு, ஆளு பேரு வர்ற இடத்துல மட்டும் நிறுத்து. அதை யாரு முதல்ல சொன்னாங்கன்னு எனக்குச் சொல்லு."

அவள் வாசித்தாள்.

"'வணக்கம் தங்கச்சி, நீங்களும் நம்ம தோட்டமா? எந்த டிவிசன்?' இது அவரு. 'மேல் டிவிசன். நீங்க கீழ் டிவிசனா?' இது நான். 'ஆமா'ன்னாரு. 'அப்ப எங்க பெரியப்பாவத் தெரியுமா, கோயில் தலைவரா இருந்தாரே?' நான். 'தெரியாமலா? அவரு எங்களுக்கு ரொம்ப வேண்டியவரு.' அவரு. 'அப்ப நீங்க பெரியப்பாவுக்குப் பக்கத்து காம்பராவா? செல்லையா மாமா வீடா?'"

நிறுத்தினாள்.

"இது யாரு, கவிதா?"

"நான் மிஸ்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'அவரு மகன்தான்'னு."

மேலே போனாள், கீழே வந்தாள், திரும்பவும் மேலே போனாள். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது. சுகந்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பிள்ளை என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னாள்.

"அவரு ஒரு பேருகூடச் சொல்லல மிஸ். எல்லாம் நானே சொல்லியிருக்கேன்."

இது நம் பிள்ளைகள் மட்டும் செய்யக்கூடிய தவறு. கொழும்புப் பிள்ளை இப்படி மாட்டிக்கொள்ளாது. தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், ஆஸ்பத்திரி வரிசையாக இருக்கட்டும், ரயிலாக இருக்கட்டும், முதல் பேச்சு என்ன? எந்தத் தோட்டம், எந்த லயம், யாரு மக. அதைக் கேட்காவிட்டால் மரியாதை தெரியாதவர்கள் என்போம். கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் கர்வம் பிடித்தவள் என்போம். எதிரே நிற்பவர் கொஞ்சம் தடுமாறினால், நாமே 'அவரு பக்கமா, இவரு பக்கமா' என்று உறவை எடுத்துக் கொடுப்போம். ஒரு மனிதனைச் சொந்தமில்லாமல் நிற்க விட நமக்கு மனம் வராது. அந்த நல்ல மனதைத்தான் அவன் பாவித்திருந்தான்.

அவள் அழத் தொடங்கியபோது, "அப்பாகிட்ட சொல்லாதீங்க மிஸ். பள்ளிக்கூடத்த விட்டே நிப்பாட்டிருவாரு. அம்மாகிட்ட பேசவும் முடியாது. சத்தியம் பண்ணுங்க," என்று என் கையைப் பிடித்தாள்.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவார்கள். பிள்ளை அழும்போது சத்தியம் செய்து கொடுப்பது மிகச் சுலபம். நான் செய்யவில்லை. "மறைக்க மாட்டேன் கவிதா. ஆனா ஒரு இடத்துக்கும் உன்னைத் தனியா அனுப்பவும் மாட்டேன். யாருகிட்டப் பேசினாலும் உன் முன்னாடிதான் பேசுவேன்," என்றேன். அப்படியே பிரதேச செயலகத்தில் இருந்த சிறுவர் அதிகாரிக்கு அவள் முன்னாலேயே போன் செய்தேன். அந்த அம்மா சிங்களப் பெண், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி, முதலில் அவளிடம், "மகள், நீங்க பிழை செய்யல்ல," என்று சொன்னார். அந்தத் தட்டுத்தடுமாறிய தமிழைப்போல அழகான தமிழை நான் கேட்டதில்லை.

பொழுது சாய்வதற்குள் அவரும் வந்துசேர, பிள்ளையோடு மூன்று பேருமாக லயத்துக்குப் போனோம். கவிதாவின் அப்பா வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று வழக்கம்போல, "வாங்க மிஸ். நீங்க எந்தப் பக்கம்? யாரு மக?" என்று கேட்டார். ஹல்துமுல்லைப் பக்கம் என்றேன், தோட்டத்தைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். "அட, பெக்டரியில இருந்தாரே, அவரு மகளா? உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

விஷயத்தைச் சொன்னோம். அவர் மகளை அடிக்கவில்லை. உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருந்த அவளுடைய நூலக அங்கத்துவ அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"இது வேணாம் மிஸ். படிச்சது போதும். நாளையில இருந்து வீட்டுல இருக்கட்டும்."

கவிதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி அம்மா சட்டத்தைச் சொன்னார், பெயர் வெளியே வராது என்று சொன்னார். அவர் தலையை ஆட்டினாரே தவிர நீட்டிய கையை மடக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

"அண்ணே, நான் உங்க வாசல்ல வந்து நின்னதும் முதல்ல என்ன கேட்டீங்க?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"நான் ஒரு தோட்டத்தையும் ஒரு பேரையும் சொன்னேன். பெக்டரியில இருந்தவரு மகளான்னு நீங்களே சொன்னீங்க. ஆமான்னேன். நாற்காலி போட்டீங்க. நான் அவரு மகதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"மண்டை நரைச்ச உங்களுக்கே கேக்கத் தோணல. பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தோணியிருக்கணுமா? பொய் சொன்னவன் பண்டாரவளையில நிம்மதியா இருக்கான். உண்மையச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனையா? இன்னைக்கு இவ படிப்ப நிப்பாட்டினா, இந்த லயத்துல எந்தப் பிள்ளையும் இனி வாயத் திறக்காது. அதுதானே அவனுக்கு வேணும்?"

அவர் கை மெதுவாகக் கீழே இறங்கியது. மகளைப் பார்த்தார். "நீயே போய் மிஸ்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அட்டையை என்னிடம் தரவில்லை. அவளிடம் கொடுத்தார்.

"பத்திரமா வை," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அவர் நூலகத்துக்கு வந்தார். அந்தக் கட்டிடத்துக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அந்த அம்மா, "என்னங்க, நீங்களுமா வந்திருக்கீங்க! என்ன நடந்துச்சு?" என்று பதறினார். அவர் சொன்னார், "பயப்படாத. ஒண்ணும் ஆகல. நம்ம பிள்ளை ஒரு பெரிய காரியம் செஞ்சிருக்கு. விவரமா அப்புறம் சொல்றேன். நல்லா வளர்த்திருக்க." நான் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஆமாம், அழுதேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

சனிக்கிழமை, தானே வந்து நின்று அவனைக் காட்டிக் கொடுப்பதாக அந்தப் பிள்ளை சொன்னது. பாருங்கள், என்ன துணிச்சல்! ஆனால் நாங்கள் விடவில்லை. பிள்ளையைத் தூண்டிலில் கோர்த்து ஒருவனைப் பிடிப்பது நம் வேலை இல்லை. நீலச் சட்டை போட்டு, கையில் போன் பெட்டியோடு நிற்பேன் என்று அவனே எழுதியிருந்தான். அது போதுமாக இருந்தது. பொலிஸார் சாதாரண உடுப்பில் போய்ப் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தார்கள். அவளுக்கு அப்பா வயது இருக்கும் அவனுக்கு. பெட்டிக்குள் போன் இல்லை. அவனுடைய சொந்தப் போனில் வேறு பிள்ளைகளின் படங்கள் இருந்தன, எல்லாம் பள்ளிக்கூட உடுப்பில். அன்று சுகந்தி எல்லாவற்றையும் அழித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை அவளே இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயரும் பதவியும் வேண்டாம். பயந்து போயிருந்தார், அவ்வளவுதான். "இனிப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வேண்டாம். நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?" என்றார்.

"அவன் பிள்ளையை வரச் சொன்னது பஸ் ஸ்டாண்டுக்கு சேர். பஸ் ஸ்டாண்டையும் மூடுவோமா?" என்றேன். அவருக்கு முகம் சிவந்தது. நான் விடவில்லை. "இங்க மூடினா பிள்ளைங்க எங்க போகும்? யாரோ ஒருத்தன் போனுக்குத்தான் போகும். அவன் பக்கத்துல சுகந்தியும் இருக்க மாட்டா, நானும் இருக்க மாட்டேன். இந்தப் பிள்ளை தப்பிச்சது இங்க கவுண்டர்ல ஒரு ஆள் இருந்ததால. பொறுப்பு யாருன்னு கேட்டீங்களே, எழுதிக்கோங்க, நான்தான்."

அவர் எதையும் எழுதவில்லை. "ஓய்வு பெறுவதற்கு இன்னும் எவ்வளவு காலம் உங்களுக்கு?" என்று கேட்டார். அதற்கு என்ன அர்த்தமோ! ஆனால் கணினிகளை எடுத்துப் போகவில்லை.

நாங்கள் இரண்டு வேலை செய்தோம். பிள்ளைகள் சுவரைப் பார்த்து எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த மேசைகளைத் திருப்பிப் போட்டோம். பிள்ளையின் முகம் எங்களுக்குத் தெரிய வேண்டும். திரையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம், முகத்தைப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். இரண்டாவது வேலை கவிதாவுடையது. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு விளையாட்டு நடத்தினாள். ஒரு பிள்ளை சொந்தக்காரர் மாதிரி வந்து இனிக்க இனிக்கப் பேச வேண்டும். மற்றப் பிள்ளை ஊரோ பேரோ வாய் தவறியும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவுட். ஐயோ, அந்தச் சிரிப்புச் சத்தம்! அமைதி என்று எழுதிய பலகைக்குக் கீழேயே நடக்கும். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

அவள் இப்போது பெரிய படிப்புப் படிக்கிறாள். எங்கே என்று கேட்காதீர்கள் என்றேனே.

நான் ஓய்வு பெற்ற வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். புதிதாகச் சேர ஒரு பொடிசு வந்தது, கவுண்டருக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. கிழவிக்குப் பழக்கம் விடுமா? நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே கேட்டுவிட்டேன்.

"வா கண்ணு. எந்தத் தோட்டம், எந்த லயம், யாரு மக?"

அது என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தது. கையைக் கட்டிக்கொண்டது.

"முதல்ல நீங்க சொல்லுங்க."

சுகந்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள், நான் வெடிக்கப் போகிறேன் என்று. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி நேராக நின்று, என் பெயரை, என் தோட்டத்தை, என் லயத்தை, என் அப்பா பெயரைச் சொன்னேன்.

அது நம்பவில்லை. "இருங்க, எங்கம்மா வெளியில இருக்காங்க, கூட்டிட்டு வர்றேன்," என்று ஓடியது.